மரத்தளமும் மழைக்காலமும்

மட்டாஞ்சேரியில் மரத்தளம் புதிதாக இட்ட நம்மவர் வீடுகளில், ஆனி மழை வலுத்ததும் பலகைகளின் ஓரம் உயர்ந்து நடுப்பகுதி குழிவதுண்டு. அடியிலுள்ள ஈரத்தால் மரம் அகலவாட்டில் பருப்பதே காரணம். உடனே இழைப்புளி போட்டுச் சமன்செய்தல் தகாது என்போம். ஓரங்களை இன்று இழைத்துவிட்டால், ஈரம் வற்றியபின் நடுப்பகுதி மேடாகிவிடும். முதலில் ஈரம் வரும் வழியை அடைத்து, தளத்தை நன்கு உலரவிடுக. பெரும்பாலும் தானே படியும்.

இனி மரத்தளம் இடுவோர், பலகைகளைச் சில வாரம் வீட்டினுள்ளேயே அடுக்கிவைத்து, அவ்வீட்டுக் காற்றுக்குப் பழக்குக. சுவரோரம் அரை அங்குலம் இடைவெளி விடுக. மரமே வேண்டா என்பார், சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு முதலியன கூட்டி மெருகேற்றிய இவ்வூர் அரண்மனைத் தளத்தைக் கண்டு வருக. மரத்தளத்திற்குச் சேமிப்பையெல்லாம் செலவிட்டோர் பொறுத்திருத்தல் நலம். இழைத்த மரம் மீண்டும் வளராதன்றோ!