கெண்டியைப் பார்த்ததுண்டா?

உங்கள் இல்லத்தில் உளூச் செய்வதற்கென ஒரு கெண்டி இருக்கும். எத்தனையோ ஆண்டுகளாக அதைக் கையில் எடுத்து வருகிறீர்கள். அதன் மூக்கு, வயிற்றின் எந்த உயரத்தில் முளைக்கிறது என்று கண்களை மூடிக்கொண்டு சொல்ல முடியுமா? எனக்கு முடியவில்லை. முடியாமற் போனது எப்போது தெரிந்தது என்பதைக் கூறுகிறேன்.

பெரிய முதலியார்சாவடியில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வந்தேன். ஒரு நாள் ஒரு மாணவனின் நோட்டுக்குள் பென்சிலால் வரைந்த தாள் ஒன்றைக் கண்டேன். "மதரஸாவில் படமா?" என்று அதட்டி, அதனை இரண்டாகக் கிழித்தேன். அவன் தலை குனிந்தபடி, "ஹஜரத், அது கெண்டிதானே" என்றான். துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தேன். பள்ளிவாசல் கெண்டியேதான்! ஆத்திரத்தில் நான் தாளையும் பார்க்கவில்லை, கெண்டியையும் பார்த்திருக்கவில்லை.

படம் வரைந்து பிழைப்பு நடத்திய ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து விளக்கம் கேட்டபோது, வரைந்துதான் ஆக வேண்டுமெனில் மரத்தையும் உயிரற்ற பொருளையும் வரையுமாறு அன்னவர்கள் அறிவுறுத்தினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இச்செய்தி உள்ளது. பிறருக்குப் பாடம் நடத்தும் எனக்கு அவ்வேளையில் இது நினைவுக்கு வரவில்லை. அன்றிரவு நானே ஒரு கெண்டியை முன்னால் வைத்து வரைய அமர்ந்தேன்.

வாய் வட்டம் என்பது எனக்குத் தெரியும். ஆகவே வட்டமாக வரைந்தேன். அடிப்பாகம் தரையில் சமமாக நிற்கிறது என்பதும் தெரியும். ஆகவே நேர்கோடு இட்டேன். படம் கெண்டியைப் போல் இல்லை! தெரிந்ததை வரைந்தேனே அன்றிக் கண்டதை வரையவில்லை. விருந்தில் வைக்கும் சஹனைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பாருங்கள். ஒரு கோடாகத் தெரியும். சற்றுத் தாழ்த்துங்கள், ஒடுங்கிய நீள்வட்டமாகும். மேலும் தாழ்த்தினால் அகன்றுகொண்டே வரும். எனவே, கண்ணுக்குக் கீழே இருக்கும் கெண்டியில் வாயின் வளைவை விட அடியின் வளைவே மிகுதி.

பின்பு அளவு. கையை முழுதும் நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் அகலத்தை அளந்து, உயரத்தில் அது எத்தனை பங்கு என்று காண வேண்டும். மூக்குக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்துக்கும் ஒரு வடிவம் உண்டு. அதைச் சரியாக வரைந்தால் மூக்கு தானாகச் சரியாகிவிடும். இறுதியாக ஒளி. ஒரே சன்னலைத் திறந்து வைத்தால் வெளிச்சம், மங்கல், இருள், தரையில் விழும் நிழல் என்று நான்கும் பிரிந்து, தட்டையான கோட்டுக்குத் திரட்சி வரும்.

எல்லாப் பொருளும் சில எளிய உருவங்களுக்குள் அடங்கும். உருளை, கோளம், கூம்பு ஆகியவற்றைக் கொண்டு இயற்கையை நோக்குமாறு பிரெஞ்சு ஓவியர் செசான் 1904-இல் ஓர் இளம் ஓவியருக்கு எழுதினார். மரக்காணம் உப்பளத்தில் குவித்த உப்பு கூம்பன்றோ? நமது கெண்டியின் வயிறு கோளம், கழுத்து உருளை. சென்னையில் 1850-இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய ஓவியப் பள்ளி, இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகிறது. அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளிலும் பொருள்களை வைத்து வரையும் ‘மாடல் டிராயிங்’ உண்டு. ஆகவே இது வீண் பொழுதுபோக்கு அன்று. முறையாகப் பயிலும் கல்வி.

பஸராவில் பிறந்த அறிஞர் இப்னுல் ஹைதம், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிய ‘கிதாபுல் மனாழிர்’ நூலில், பொருளிலிருந்து வரும் ஒளியே பார்வையைத் தருகிறது என நிறுவினார். கணநேரம் காண்பது வேறு, ஊன்றி ஆராய்ந்து காண்பது வேறு என்றும் பிரித்துக் காட்டினார். அந்த மாணவன் இரண்டாம் வகைப் பார்வை உடையவன். நானோ முதல் வகையிலேயே தீர்ப்பு வழங்கிவிட்டேன்.

மறுநாள் பிள்ளைகள் அனைவர் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டு, புதிய நோட்டு ஒன்றைக் கொடுத்து, என் படத்தையும் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "அடியை இன்னும் கொஞ்சம் வளைக்கணும், ஹஜரத்" என்றான். வளைத்தேன், கெண்டி தரையில் அமர்ந்தது.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளையின் நோட்டில் ஒரு படம் தென்பட்டால், கிழிப்பதற்கு முன் அது என்னவென்று பாருங்கள். இயன்றால் நீங்களும் ஒரு செம்பை எடுத்துச் சன்னலோரம் வைத்து, பிள்ளையோடு அமர்ந்து வரையுங்கள். கண்களைத் தந்த வல்ல இறைவன், பார்க்கும் பொறுமையையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!