மதிப்பெண் கேட்டது போதும், விடையைக் கேளுங்கள்

கடைசியாக உங்கள் பிள்ளை கணினியில் எழுதிய தேர்வில் எந்தக் கேள்வியில் தடுமாறினான், அதற்கு எந்த விடையைத் தேர்ந்தெடுத்தான் என்று உங்களால் சொல்ல முடியுமா? மதிப்பெண் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அது உங்களுக்கு மனப்பாடம். போன வாரத்து மதிப்பெண்ணும் அதற்கு முந்தின வாரத்து ரேங்கும்கூட மனப்பாடம். பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெர்சன்டைலும் தெரியும். உங்கள் பிள்ளைக்கு எந்தப் பாடத்தில் எந்த இடம் புரியவில்லை என்பது மட்டும் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழி உங்கள் கைபேசிக்கே வந்து சேர்கிறது. அதைத் திறக்காமலே மூடிவிடுகிறீர்கள். அதற்காகத்தான் உங்களோடு சண்டைக்கு வந்திருக்கிறேன்.

ஜேஇஇ மெயின் தேர்வையே எடுத்துக்கொள்வோம். பொறியியலுக்கான தாளை 2019 முதல் தேசியத் தேர்வு முகமை முழுக்கக் கணினியில் நடத்துகிறது. 3 மணி நேரம், 75 கேள்விகள், 300 மதிப்பெண். திரையின் ஓரத்தில் கேள்வி எண்கள் கட்டம் கட்டமாக இருக்கும். விடையளித்தது பச்சை, பார்த்துவிட்டு விட்டது சிவப்பு, அப்புறம் பார்க்கலாம் என்று குறித்து வைத்தது ஊதா. தேர்வு முடிந்து சில நாட்களில் கேள்வித்தாள், உங்கள் பிள்ளை குறித்த விடைகள், முகமையின் தற்காலிக விடைக்குறிப்பு மூன்றும் இணையத்தில் வந்துவிடும். விடைக்குறிப்பில் தவறு இருப்பதாகத் தோன்றினால் கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபம் தெரிவிக்கலாம். நாம் பத்தாவது, பன்னிரண்டாவது எழுதிய காலத்தில் விடைத்தாள் கட்டு எந்த ஊருக்குப் போனது என்றுகூட நமக்குத் தெரியாது. திரும்பி வந்தது ஒரு மதிப்பெண் பட்டியல் மட்டுமே. இன்று நம் பிள்ளை குறித்த ஒவ்வொரு விடையும் கைக்கு வருகிறது.

அந்த ரெஸ்பான்ஸ் ஷீட்டை என்ன செய்கிறீர்கள்? சரியான விடைக்கு நாலு நாலாகக் கூட்டுகிறீர்கள், தவறுக்கு ஒவ்வொன்றாகக் கழிக்கிறீர்கள். வந்த எண்ணை, யூடியூபில் யாரோ சொல்லும் ‘இத்தனை மார்க்குக்கு இத்தனை பெர்சன்டைல்’ பட்டியலோடு ஒட்டிப் பார்க்கிறீர்கள். அதோடு அந்தத் தாளின் கதை முடிந்தது. ஜனவரியில் ஒருமுறை எழுதிய பிள்ளை ஏப்ரலில் மறுபடி எழுதப் போகிறது. நடுவில் ஏறக்குறைய இரண்டு மாதம் இருக்கிறது. எங்கே ஓட்டை என்று காட்டும் தாள் கையில் இருக்கும்போதே, இன்னொரு டெஸ்ட் சீரிஸுக்குப் பணம் கட்டுகிறீர்கள். அதே ஓட்டையோடு பிள்ளை இன்னும் இருபது தேர்வு எழுதி, அதே இடத்தில் இன்னும் இருபது முறை விழுவதற்கு.

தவறான விடைகள் எல்லாம் ஒரே மாதிரித் தவறுகள் இல்லை என்பதை நீங்கள் நம்ப மறுக்கிறீர்கள். மேலே எறிந்த கல் உச்சியைத் தொடும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன என்று ஒரு கேள்வி வருகிறது. ‘சுழி’ என்று குறிக்கிறாள் ஒருத்தி. அந்தக் கணத்தில் கல்லின் வேகம்தான் சுழி. புவியீர்ப்பு அப்போதும் அதைக் கீழே இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது, முடுக்கம் நொடிக்கு நொடி 9.8 மீட்டர் என்றே நிற்கிறது. வேகமும் முடுக்கமும் வேறு வேறு என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. இன்னொருவன் வேறொரு கணக்கில் எல்லாம் சரியாகப் போட்டுவிட்டு, சென்டிமீட்டரை மீட்டராக மாற்ற மறந்து, நூறு மடங்கு பெரிதான விடையைக் குறிக்கிறான். மூன்றாமவனுக்கு நேரம் போதவில்லை. கடைசி ஐந்து நிமிடத்தில் கண்ணை மூடிக்கொண்டு எதையோ அழுத்துகிறான். மூவருக்கும் கிடைப்பது ஒரே மைனஸ் ஒன்று. முதல் பிள்ளை பதினோராம் வகுப்பு இயக்கவியல் பாடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். இரண்டாமவன் ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதப் பழக வேண்டும். மூன்றாமவனுக்கு எந்தக் கேள்வியை விட்டுவிடலாம் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். நீங்கள் மூவரிடமும் ‘இன்னும் நல்லா படி’ என்கிறீர்கள். எதைப் படிக்க? யார் சொல்வது?

போதாக்குறைக்கு, வீட்டுக்கு வீடு ‘சில்லி மிஸ்டேக்’ என்றொரு சொல்லை வைத்திருக்கிறோம். பிள்ளை அதைச் சொன்னால் நமக்கு நிம்மதி. நம் பிள்ளைக்கு எல்லாம் தெரியும், ஏதோ கவனக்குறைவு என்று நினைத்துக்கொள்ளலாம். ஒரே வகைத் தவறு மூன்று தேர்வில் தொடர்ந்து வந்தால் அது கவனக்குறைவு இல்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க மூன்று தேர்வின் விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எந்தச் செயலியும் இதைத் தடுக்கவில்லை. நாம்தான் ரேங்க் வரியைத் தாண்டிக் கீழே போவதில்லை.

கற்பித்தலுக்குள் இயந்திரம் வந்ததே இதற்காகத்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1920களிலேயே அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிட்னி பிரெஸ்ஸி என்ற உளவியலாளர் ஒரு சிறு இயந்திரம் செய்தார். மாணவர் ஒரு சாவியை அழுத்தி விடை சொல்ல வேண்டும். அதில் இருந்த ஓர் ஏற்பாட்டின்படி, சரியான விடையை அழுத்தும்வரை அடுத்த கேள்வி வராது. தேர்வே பாடமாகவும் ஆகிவிடுகிறது. 1978இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் இருவரும் ‘பகி’ என்ற கணினி நிரலைப் பற்றி எழுதினார்கள். குழந்தைகளின் கழித்தல் கணக்குகளை அது ஆராய்ந்தது. 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதுகிற குழந்தையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தக் குழந்தை குத்துமதிப்பாக எழுதவில்லை. ஒன்றாம் இடத்தில் 2இலிருந்து 7 போகாது என்றதும் தலைகீழாக்கி, 7இலிருந்து 2ஐக் கழித்து 5 போடுகிறது. பத்தாம் இடத்தில் 5இலிருந்து 2 போனால் 3. பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைத்தான் கழிக்க வேண்டும் என்று தானே ஒரு விதி செய்துகொண்டு, அதை ஒழுங்காகப் பின்பற்றுகிறது. அந்த விதி எது என்று கண்டுபிடிப்பதுதான் அந்த நிரலின் வேலை. அந்தக் குழந்தையிடம் பத்துக் கணக்குக்கு மூன்றுதான் சரி என்று சொல்லித் திட்டுவதால் என்ன மாறும்? விதி அப்படியே இருக்கும். அழுகைதான் மிச்சம்.

சின்ன வகுப்புப் பெற்றோர்களே, உங்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. பிள்ளை டேப்லெட்டில் கணக்குச் செயலியைத் திறந்தால் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறீர்கள். நல்லது. ஆனால் 0.45, 0.6 இரண்டில் எது பெரிது என்று கேட்டு, பிள்ளையின் விரல் 0.45 பக்கம் போகும்போதே ‘ம்ஹூம்’ என்கிறீர்கள். விரல் மாறுகிறது, திரையில் நட்சத்திரம் விழுகிறது. என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். 45 என்பது 6ஐவிடப் பெரிது, அதனால் 0.45தான் பெரிது என்று பிள்ளை நினைத்தது. தசம எண் படிக்கத் தொடங்கும் குழந்தைகளிடம் அடிக்கடி வரும் மயக்கம் இது. பத்து நிமிடத்தில் தீர்த்துவிடலாம். நீங்கள் அதை மூடி மறைத்துவிட்டீர்கள். விடைக்கு ஏற்ப அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் செயலியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பிள்ளைக்கு இது தெரிந்துவிட்டது என்று கணக்கிட்டு, இன்னும் கடினமானதைக் கொடுக்கும். பிள்ளை முழிக்கும். நீங்கள் மறுபடி ‘ம்ஹூம்’ சொல்வீர்கள். கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே ஆன்லைன் தேர்வு எழுதியபோது எத்தனையோ வீடுகளில் விடை சொன்னது பெரியவர்கள்தான் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பழக்கத்தை இன்னுமா விடவில்லை?

அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில், தொடக்க வகுப்புக் குழந்தைகள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று ஆசிரியர்கள் கைபேசிச் செயலி வழியாக மதிப்பிட்டுப் பதிவு செய்கிறார்கள். நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை என்றால் அரும்பு. அங்கிருந்து தொடங்கச் சொல்லித்தான் அந்தப் பெயர். அதைக் கேட்டதும் ‘எம்பிள்ளை ஏன் அரும்புல இருக்கு, மலர்ல போடுங்க டீச்சர்’ என்று வகுப்பு வாசலில் நின்று மன்றாடாதீர்கள். ஆசிரியர் மனமிரங்கி மலரில் போட்டுவிட்டால், எழுத்தே கூடாத பிள்ளையிடம் பத்தியைக் கொடுத்து வாசி என்பார்கள். அவமானப்படப்போவது யார்?

2017இல் தமிழ்நாடு அரசு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று ரேங்க் பட்டியல் வெளியிடுவதை நிறுத்தியது. பிள்ளைகள் மேல் ஏறிய பாரத்தைக் குறைக்கத்தான். கொஞ்சம் மூச்சுவிடலாம் என்று நினைத்தோம். ஆண்டுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த ரேங்க்கை இப்போது வாரா வாரம் நாமே பணம் கொடுத்து வாங்கி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுக்கொண்டிருக்கிறோம். அந்த ரேங்க் எதைச் சொல்கிறது என்றாவது தெரியுமா? பெர்சன்டைல் என்பது நூற்றுக்கு எடுத்த மதிப்பெண் அல்ல. கூட எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் உங்கள் பிள்ளை அளவோ அதற்குக் கீழோ எடுத்தார்கள் என்ற கணக்கு. ஜேஇஇ மெயினை 2025இல் எழுதியவர்கள் 14 லட்சத்துக்கு மேல். அதில் 99 பெர்சன்டைல் என்றால், முன்னால் ஏறக்குறைய 14,000 பேர் இருக்கிறார்கள். உங்கள் கோச்சிங் மையத்து மாக் டெஸ்டில் எழுதியவர்கள் 300 பேராக இருக்கலாம். இந்த வாரம் நன்றாகப் படிக்கும் பத்துப் பேர் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தால் உங்கள் பிள்ளையின் ரேங்க் தானாக ஏறும். அடுத்த வாரம் அவர்கள் திரும்பி வந்தால் இறங்கும். பிள்ளை இரண்டு வாரமும் அதே அளவுதான் படித்திருக்கும். அந்த ஏற்ற இறக்கத்துக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டைக் கசப்பாக்குகிறீர்கள்.

நானாகக் கிளப்பும் புகார் இல்லை இது. ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேலில் ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 1988இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு மதிப்பெண் மட்டும் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு எது சரி, எதை எப்படி மாற்றலாம் என்ற குறிப்பு மட்டும். மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் ஆர்வம் குறையாமல் நன்றாகச் செய்தார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. மதிப்பெண் பக்கத்திலேயே இருந்தபோது குறிப்பு எடுபடவில்லை. இரண்டையும் கொடுத்தால் நல்லதுதானே என்று நினைக்கும் நம் எல்லோருக்குமான விடை அது. 1996இல் குளூகர், டெனீஸி இருவரும் பின்னூட்டம் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில், பின்னூட்டத்துக்குப் பிறகு செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் செய்யும் வேலையிலிருந்து நகர்ந்து ‘நான் எப்படிப்பட்டவன்’ என்பதன் மேல் விழும்போது அப்படி ஆகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். ‘உனக்கெல்லாம் இது வராது’ என்பதும் சரி, ‘நீ சிங்கம்டா’ என்பதும் சரி, இரண்டும் கணக்கைப் பற்றிய பேச்சு இல்லை.

கணினி எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று நான் சொல்லவில்லை. பிள்ளை எந்த விடையைத் தொட்டது, எத்தனை நொடி எடுத்துக்கொண்டது என்று அதற்குத் தெரியும். ஏன் தொட்டது என்று தெரியாது. அது ரஃப் ஷீட்டில் இருக்கிறது. மாக் டெஸ்ட் முடிந்ததும் கசக்கி எறிகிற அந்தத் தாளைத்தான் வாங்கி வையுங்கள். ‘எப்படிப் போட்டே, எனக்குச் சொல்லு’ என்று கேளுங்கள். உங்களுக்கு இயற்பியல் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. பிள்ளை வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினால் பாதி வழியில் தானே நின்றுவிடும், ‘ஐயோ, இங்கே தப்பு’ என்று. நிற்காவிட்டால், அந்த இடத்தை ஆசிரியரிடம் காட்டலாம். சரியாகப் போட்ட கேள்விகளிலும் இரண்டைக் கேளுங்கள். குருட்டாம்போக்கில் சரியானவை பச்சை நிறத்துக்குள்ளே ஒளிந்திருக்கும். முகமையின் இணையதளத்தில் ரெஸ்பான்ஸ் ஷீட் வந்தவுடன் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள், எப்போதும் அங்கே இருக்காது. ரேங்க் செய்தி உங்கள் எண்ணுக்கு வரும்படி வைத்திருந்தால், அதைப் பார்க்காமலே அன்றைக்கு விட்டுவைக்க முடியுமா என்று முயன்று பாருங்கள். திங்கட்கிழமை பார்த்தால் அது குறைந்துபோகாது.

இன்னொன்று நாம் சேர்ந்து செய்ய வேண்டியது. கணினியில் தேர்வு வைத்துவிட்டு, மொத்த மதிப்பெண்ணையும் ரேங்க்கையும் மட்டும் அனுப்பிவிட்டு, கேள்விகளையும் பிள்ளை குறித்த விடைகளையும் திறக்க விடாத பள்ளிகளும் மையங்களும் இருக்கின்றன. கேட்டால், கேள்விகள் வெளியே போய்விடும் என்கிறார்கள். 14 லட்சம் பேர் எழுதும் தேர்வின் தாளையே பிள்ளை கையில் கொடுக்க முடிகிறதென்றால், நம் ஊர் ஞாயிற்றுக்கிழமைத் தேர்வுக்கு அப்படியென்ன ரகசியம்? நாம் கட்டணம் கட்டுகிறோம். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ரேங்க் பட்டியலைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதே யாராவது ஒருவர் எழுந்து கேளுங்கள்: பிள்ளைகள் குறித்த விடைகளை எப்போது தருவீர்கள், தவறிய கேள்விகளை வகுப்பில் எந்த நாள் எடுத்துப் பேசுவீர்கள்? ஒருவர் கேட்டால் தட்டிக்கழிப்பார்கள். பத்துப் பேராகக் கேளுங்கள், தேதி சொல்லும்வரை உட்காராதீர்கள்.