தூக்கும் விடுதலையும்

தருமபுரி இலக்கியம்பட்டியைப் பேருந்து கடக்கையில் என் நெஞ்சம் பதறும். 2000 பிப்ரவரி 2 அன்று அங்கேதான் கல்விச் சுற்றுலா வந்த வேளாண் பல்கலைக்கழகப் பேருந்துக்கு அரசியல் கும்பல் தீவைத்தது. மாணவியர் மூவர் கருகி மாண்டனர். 2007-இல் சேலம் நீதிமன்றம் மூவருக்குத் தூக்கு விதித்தது. 2010-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2016-இல் அதே நீதிமன்றம், முன்திட்டமின்றிக் கும்பல் வெறியில் நடந்ததென்று ஆயுளாகக் குறைத்தது.

இது முரண்பாடு என்பர் தோழியர். நான் அப்படிக் கருதவில்லை. பழைய ஜூரிமார் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நீதிபதி எழுதியே ஆகவேண்டும். தவறாகத் தூக்கிலிட்டால் திருத்தத்தான் முடியுமா? ஆனால் 2018-இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி அரசு அவர்களை விடுவித்ததே, அதை என் மனம் ஏற்கவில்லை. பிறந்தநாள் ஒரு காரணமா?

சுற்றுலா அனுமதித் தாளில் கைநாட்டு வைக்கும்போது என் தந்தை இன்றும் கேட்கிறார்: "பஸ்சு எந்த வழியா போவும்மா?"