முகத்தை முன்கூட்டியே காட்டலாமா?

வி.ஆர். கண்ணாடி மாட்டிக்கிட்டுத் தாடை ஆபரேஷனுக்குத் திட்டம் போடுறோம்னு சொன்னா, மதுரையில தம்பி "கேம் விளையாடுறியாண்ணே?"ன்னு கேக்குறான். ஒரு வகையில ஆமா :-)

நான் படிச்ச காலத்துல எல்லாம் பிளாஸ்டர்தான். நோயாளியோட பல்லை அச்செடுத்து, மாடல் ஊத்தி, ஆர்ட்டிகுலேட்டர்ல பொருத்தி, குட்டி ரம்பத்தால அறுத்து, மில்லிமீட்டர் கணக்குல நகர்த்தி மெழுகு வச்சு ஒட்டணும். அதுலேர்ந்து அக்ரிலிக் ஸ்பிளிண்ட். மேஜையில அரை மில்லிமீட்டர் தவறினா அந்தத் தவறு தியேட்டருக்கும் கூடவே வரும். இப்ப சி.டி. ஸ்கேனையும் பல் ஸ்கேனையும் கம்ப்யூட்டர்ல ஒண்ணா சேர்த்து, திரையிலயே எலும்பை வெட்டி நகர்த்திப் பார்த்துட்டு, ஸ்பிளிண்டை 3டி பிரிண்டர்ல எடுத்துடலாம். இதுக்கு வி.ஆர். கண்ணாடியே தேவையில்ல, சாதா மானிட்டர் போதும். விளம்பரத்துல இதைச் சொல்ல மாட்டாங்க.

அப்ப கண்ணாடி எதுக்கு? எனக்குத் தெரிஞ்சு முக்கியமா நரம்புக்குத்தான். கீழ்த்தாடையை ரெண்டு பக்கமும் நீளவாக்குல பிளந்து நகர்த்துற முறையை ட்ரௌனரும் ஓப்வெகேசரும் 1957-ல எழுதினாங்க. மாற்றங்களோட இன்னிக்கும் அதேதான். பிளக்குற இடத்துல எலும்புக்குள்ளயே உதட்டுக்கு உணர்ச்சி கொடுக்குற நரம்பு ஓடுது. அது வெளிச்சுவரை ஒட்டி ஓடினா ஆபத்து கூடுதல். மானிட்டர்ல உருட்டி உருட்டிப் பார்க்குறதை, கண்ணாடிக்குள்ள தலையை நீட்டிப் பார்த்துடலாம்.

எனக்குப் பிடிக்காத உபயோகம் ஒண்ணு இருக்கு. ஆபரேஷனுக்கு அப்புறம் முகம் எப்படி இருக்கும்னு படம் காட்டி ஆளைச் சம்மதிக்க வைக்கிறது. கும்பளங்கியில நான் குடியிருக்கிற தெருவிலயே ஒரு பொண்ணு, காலேஜ் படிக்கிறா, கீழ்த்தாடை முன்தள்ளியிருக்கு. வேற ஒரு இடத்துல கொடுத்த படத்தை அவ அம்மா போன்ல கொண்டு வந்து, "இங்ஙனெ தன்னே ஆகுமோ டாக்டரே?"ன்னு கேட்டாங்க. கல்யாணப் பேச்சு வேற ஓடிக்கிட்டிருக்கு.

ஆகாதுங்க. எலும்பு எங்க போகும்னு ஓரளவு துல்லியமாச் சொல்லலாம். எலும்பு அஞ்சு மில்லிமீட்டர் நகர்ந்தா தோலும் அதே அஞ்சு நகராது. அதிலயும் உதட்டைக் கணிக்கிறதுதான் ரொம்பக் கஷ்டம். வீக்கம் முழுசா வடிய மாசக்கணக்காகும். கீழுதடு மரத்துப்போறது எந்தப் படத்துலயும் தெரியாது. பெரும்பாலானவங்களுக்குக் கொஞ்ச நாள்ல சரியாகும், சிலருக்குக் கொஞ்சம் மரப்பு தங்கிடும். இதையெல்லாம் சொல்லாம காட்டுற அழகான முகம், தரகர் கொண்டு வர்ற போட்டோ மாதிரிதான்.

அதனால அந்தப் பொண்ணு தலையில கண்ணாடியை மாட்டி, முகத்தைக் காட்டாம அவ எலும்பையே காட்டினேன். "இந்த மஞ்சக் கயிறு எந்தா?"ன்னு கேட்டா. நரம்புன்னேன். அப்புறம் அரை மணி நேரம் கேள்வி. அம்மாவோட கேள்வி ஒண்ணுதான், சாப்பாடு. சில வாரம் மெல்லக் கூடாது, கஞ்சியும் கூழும்தான்னதும், சீனவலைக்குப் பக்கத்துல வீடு வச்சுக்கிட்டுப் பொரிச்ச கரிமீன் கிடையாதான்னு பெரிய விசனம்.

பரீட்சை முடியட்டும், யோசிச்சுச் சொல்றேன்னு பொண்ணு போயிருக்கா. சரின்னா முதல்ல கம்பி போட்டுப் பல்லை வரிசைப்படுத்தணும், அதுக்கே ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். கல்யாணத் தேதியை இதோட முடிச்சுப் போட வேண்டாம்னு அம்மாகிட்ட எனக்குத் தெரிஞ்ச மலையாளத்துல சொல்லியிருக்கேன்.