வத்தல்மலையை அளக்க ஒரு கயிறு

தருமபுரியில் பேருந்து ஏறிப் பென்னாகரம் போகிறவர்கள் வழியில் 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகையைத் தாண்டுகிறார்கள். கன்னியாகுமரி முதல் இமயமலை அடிவாரம் வரை இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும் பயணம், ஏறத்தாழ இந்தக் கோட்டை ஒட்டித்தான் நடந்தது. கொலம்பஸையும் வாஸ்கோடகாமாவையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் நம் பிள்ளைகளுக்கு, அதைத் தொடங்கிய வில்லியம் லாம்டனைத் தெரியாது. இது எனக்குப் பெரிய மனக்குறை.

விடுமுறை நாட்களில் எங்கள் பகுதிப் பிள்ளைகளைக் கூட்டி இந்த முக்கோண அளவையைச் செய்துபார்க்கிறேன். மைதானத்தில் 50 மீட்டருக்குக் கயிறு கட்டுவோம். அதன் இரு முனைகளிலும் நின்று, அட்டையில் ஒட்டிய பாகைமானியால் தண்ணீர்த் தொட்டியைக் குறிபார்த்துக் கோணம் எடுப்போம். 5 மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று தாளில் வரைந்தால், இரண்டு கோடுகள் கூடும் இடத்தில் தொட்டி இருக்கும். பிறகு நாடாவால் அளந்து பார்ப்போம். ஒன்றிரண்டு மீட்டர்தான் பிசகும். அப்போது அவர்கள் போடும் கூச்சலை எந்தக் கணக்கு வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

அடுத்து தொலைவில் தெரியும் வத்தல்மலையைக் குறிபார்க்கச் சொல்வேன். கோடுகள் இரண்டும் தாளுக்குள் கூடவே கூடாது. "கயிறு பத்தல சார்" என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். லாம்டன் 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே முதல் அடிக்கோட்டை ஏழரை மைல் நீளத்துக்கு ஏன் அளந்தார் என்பது அதற்குப் பிறகு தானாகவே விளங்கும். நூறடி எஃகுச் சங்கிலி. வெயிலில் இரும்பு நீளும் என்பதால் நிழல் கட்டி, வெப்பமானி வைத்து, 57 நாட்கள் அளந்தார்கள்.

கோணம் அளக்கும் அவருடைய தியோடலைட் அரை டன் எடை. இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக் கப்பலிடம் சிக்கி, மொரீஷியஸ் போய், மரியாதையோடு திரும்பி வந்த கருவி அது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து மோதிச் சேதமானது. லாம்டன் உட்கார்ந்து அதைச் சரிசெய்து, அடுத்த ஆண்டே கன்னியாகுமரி வரை அளந்து முடித்தார். இந்தக் கதையைப் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

அந்த அரை டன்னை மலைமலையாகத் தூக்கியவர்கள், காடு வெட்டியவர்கள், உச்சியில் கொடி பிடித்து நின்றவர்கள், காய்ச்சலில் செத்தவர்கள் எல்லாரும் நம்மவர்கள். அவர்களில் பெரும்பாலானோர் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. லாம்டன் பெயரைச் சொல்லும்போதெல்லாம் இதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஏன் அளந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. 1799-இல் திப்பு வீழ்ந்த கையோடு பிறந்த திட்டம் இது. ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் லாம்டனும் இருந்தார். அதற்கு முன்பே, 1792-இல் எங்கள் பகுதி அடங்கிய பாரமகால் கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்குப் போனதும், அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இந்த மண்ணை வயல் வயலாக அளந்தார்கள். அது வரி வசூலுக்காக. பூமியின் வடிவத்தை அறியும் ஆசையும் பிடித்த நாட்டைக் கையில் வைத்துக்கொள்ளும் தேவையும் ஒரே சங்கிலியில்தான் வந்தன. பத்து வயதுப் பிள்ளைக்கு இது புரியாது என்று நான் நினைக்கவில்லை.

நில அளவை தங்கள் வீடு வரை வந்திருப்பதைப் பார்க்கட்டும் என்று, அடுத்த முறை வரும்போது வீட்டுப் பட்டாவில் உள்ள சர்வே எண்ணைக் குறித்துவரச் சொல்லியிருக்கிறேன். நிலம் இல்லாத வீட்டுப் பிள்ளைகள், பள்ளிக்கூடம் நிற்கும் இடத்தின் எண்ணை வி.ஏ.ஓ.விடம் கேட்டு வருவார்கள்.