வயரா, பற்றரியா? ஒரு ட்ரில் வேண்ட முதல்

எங்கட பக்கத்துக் கனக்க வீடுகளில அலுமாரிக்கு மேல ஒரு பெட்டி இருக்கும். உள்ளுக்க பற்றரி ட்ரில், சார்ஜர், இருபது முப்பது துளையூசிகள். பெட்டி புதுசு மாதிரி இருக்கும், பற்றரி மட்டும் செத்திருக்கும். ஒன்லைனில் மலிவு எண்டு வேண்டி, திரைச்சீலைக் கம்பி ரெண்டு பூட்டி, பிறகு எட்டு மாதம் தொடாமல் விட்ட சாமானின் கதை அது. அதனால் எங்கள் முடிவை முதலே சொல்லிவிடுகிறோம்: வீட்டுக்கு வயர் மெசின், ஒழுங்கைக்குப் பற்றரி மெசின்.

இப்படிச் சொன்னால் உடனே வருகிற கேள்வி தெரியும். "கரண்ட் நிக்கிற ஊரில வயர் மெசினை வச்சு என்ன செய்யிறது?" நியாயமான கேள்வி. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டைப் பார்த்தவர்கள் நாங்கள். 2025 பெப்ரவரி 9 அன்று முழு இலங்கையும் இருட்டானது. மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலைகள் 30, மொத்தம் 103.5 மெகாவாட். ஆனால் அந்த மின்சாரம் தேசியக் கட்டமைப்புக்குப் போகிறது. கட்டமைப்பு விழுந்தால், காற்றாலையைப் பார்த்துக்கொண்டு நாங்களும் இருட்டில்தான் இருப்போம்.

ஆனாலும் ஒருக்கா யோசியுங்கோ. சுவரில் படம் மாட்ட ஓட்டை போடுகிற வேலை மின்வெட்டு முடியும்வரை காத்திருக்காதா? காத்திருக்கும். பற்றரியும் சும்மா நிரம்புவதில்லை, அதுக்கும் கரண்ட் வேணும். கரண்ட் நிண்ட நேரத்தில்தான் பெட்டியைத் திறக்கிறம், அப்பதான் சார்ஜ் இல்லை எண்டு தெரியவரும்.

அடுத்தது பலம். எங்கட வீடுகளில் கனக்க சீமெந்துக் கல்லுச் சுவர். அதில் எந்த ட்ரில்லும் போகும். ஜன்னலுக்கு மேல் போகிற கொங்கிறீட் பீமில்தான் சோதனை. திரைச்சீலைக் கம்பியும் அங்கதான் வரும். 600, 700 வாட் ஹமர் ட்ரில் கொஞ்சம் சத்தம் போட்டாவது உள்ளே போய்விடும். மலிவுப் பற்றரி ட்ரில் அந்த இடத்தில் சூடாகி நிண்டிடும்.

பற்றரியில் எழுதியிருக்கிற இலக்கத்தை அப்படியே நம்பவேண்டாம். சாதாரணமான 18 வோல்ட் பற்றரிக்குள் 3.6 வோல்ட் லித்தியம் செல் 5 வரிசையாக இருக்கும். முழுக்கச் சார்ஜ் ஏறினால் 20, 21 வோல்ட் காட்டும். ஒரே பற்றரியைத்தான் ஒருத்தர் 18 எண்டும் இன்னொருத்தர் 20 எண்டும் விற்கிறார்கள். அதே ஐந்து செல் பெட்டியில் 48, 88 எண்டு ஸ்ரிக்கர் ஒட்டி வருகிற மெசின்களும் உண்டு.

பார்க்கவேண்டிய கணக்கு வேற. 18 வோல்ட், 2 ஆம்பியர்-அவர் பற்றரியில் இருக்கிறது 36 வாட்-அவர். 700 வாட் எடுக்கிற கிரைண்டர் வேலையை அதால் செய்தால் மூன்று நிமிசம் காணும். வயர் கிரைண்டர் அதே வேலையை ஒரு மணித்தியாலம் செய்தாலும் ஒரு யூனிற்றைத் தாண்டாது.

எங்களுக்கு இதையெல்லாம் விட முக்கியமாகத் தெரிவது வெயில். லித்தியம் பற்றரி பாவிச்சாலும் வயசாகும், பாவிக்காவிட்டாலும் வயசாகும். சூட்டில் இன்னும் கெதியாக வயசாகும். தகரக் கூரைக்குக் கீழே அலுமாரிக்கு மேல வச்சால் சொல்லத் தேவையில்லை. அடியோட இறங்கின பற்றரியை மாதக்கணக்காக விட்டால் சில சார்ஜர்கள் அதைத் திரும்ப ஏற்றவே மறுக்கும். வருசத்தில் ஆறு தரம் எடுக்கிற சாமானுக்குள் நாளுக்கு நாள் தேயிற ஒன்றை வச்சிருக்கிறது வீண்செலவு. வயர் மெசினில் அந்தச் சிக்கல் இல்லை. காபன் பிரஷ் தேய்ந்தால் மாற்றலாம். வயர் முறிந்தால் எலக்ரிசியன் வெட்டி ஒட்டித் தருவார். கடற்காற்றில் ரெண்டுமே துருப்பிடிக்கும். துளையூசிகளுக்கு எண்ணெய் பூசி, காத்துப் போகாத பையில் வையுங்கோ.

வயருக்கும் ஆபத்து உண்டு. ஈரத் தரையில் வெறுங்காலோடு பாவிக்கக்கூடாது. வீட்டில் ரிப் சுவிட்ச் வேலை செய்யுதோ எண்டு முதல் அமத்திப் பாருங்கோ. சுருட்டின எக்ஸ்ரென்சன் வயரை முழுக்க விரித்துவிட்டுத்தான் கிரைண்டர் போடவேணும், இல்லாட்டி வயர் சூடாகும். சுவிட்சுக்கு நேர மேலேயும் கீழேயும் ஓட்டை போடாதேங்கோ, சுவருக்குள்ள வயர் அப்படித்தான் போகும்.

அப்ப பற்றரி மெசின் தேவையே இல்லையா? தேவை. தலைமன்னார், பேசாலைக் கரையில் இருக்கிற வாடிக்கு பிளக் இல்லை. வேலிக்கும் கூரைக்கும் வயர் இழுத்துக்கொண்டு ஏறுவது ஆபத்து. புயல் முடிந்த அடுத்த நாள் காலமை தகரம் பறந்திருக்கும், கரண்டும் இருக்காது, மழை திரும்ப வரும். அந்த வேலை காத்திருக்காது. பாரம் குறைந்த சின்னப் பற்றரி ட்ரில்லை ஒரு கையால் பிடிக்கலாம், அதுவும் பெரிய விசயம்.

ஆனால் அந்தத் தேவை ஒரு வீட்டுக்கு வருசத்தில் ஒருக்கா வரும். இருபது வீட்டுக்கு எண்டால் மாதத்தில் ரெண்டு தரம் வரும். எப்படியும் வயசாகப்போகிற பற்றரியை ஓடவிட்டே வயசாக்கலாமே. கிடாரத்தையும் கதிரையையும் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் பொதுவில் எடுத்துப் பழகின சனம் நாங்கள். அமெரிக்காவின் பேர்க்லி நகர நூலகம் 1979 முதல் புத்தகத்தோடு சேர்த்து சுத்தியலும் வாளும் இரவல் கொடுக்கிறது. எங்கட சனசமூக நிலையத்தாலும் விளையாட்டுக் கழகத்தாலும் ஏலாத வேலை இல்லை இது.

"பொதுச் சாமான் நாசமாகப் போகும்" எண்டு பெரியாக்கள் சொல்லுவினம். பொறுப்பு ஒருத்தரிடம் இல்லாட்டி அப்படித்தான் போகும். அதனால் பேர் எழுத ஒரு கொப்பி, பொறுப்புக்கு ஒரு ஆள், துளையூசி முறிந்தால் முறித்தவர் வேண்டித் தரவேணும் எண்ட விதி. பற்றரி ரெண்டு, ஒரு சார்ஜர். மேலதிகப் பற்றரி மன்னார் ரவுணிலோ வவுனியாவிலோ கிடைக்குதா எண்டு கேட்ட பிறகுதான் எந்தக் கொம்பனி எண்டு முடிவெடுக்கவேணும், ஒரு கொம்பனிப் பற்றரி மற்றதுக்குப் பொருந்தாது. கிரைண்டரை மட்டும் இரவல் கொடுக்கவேண்டாம். பழகாத கையில் அது விரலை எடுக்கும்.

ஒரு ட்ரில்லுக்கு ஏன் இவ்வளவு கதை எண்டு நினைக்கலாம். போருக்குப் பிறகு பெண்களே தாங்கி நிற்கிற வீடுகள் இந்த மாவட்டத்தில் கனக்க. ஒரு தாழ்ப்பாள் கழன்றால் ஓடாவியார் வரும்வரை மூன்று நாள் கதவுக்குக் கதிரை முட்டுக்கொடுத்துப் படுக்கிறவர்கள் இருக்கினம். ஓடாவியாருக்கும் தாழ்ப்பாள் ஒன்றுக்காக அரைநாள் கெடுக்க ஏலாது. அந்த வீட்டில் ஒரு வயர் ட்ரில்லும், அதைப் பிடிக்கத் தெரிந்த ஒரு பெட்டையும் இருந்தால் அது பத்து நிமிச வேலை. ஆகவே சம்பளம் எடுத்து முதல் ட்ரில் வேண்டப்போறவர்கள் வயர் உள்ளதை எடுங்கோ. மிச்சக் காசை ஒழுங்கைப் பற்றரிக்குப் போடுங்கோ. தங்கச்சிக்கும் பிடிக்கப் பழக்குங்கோ.