மைதானத்தில் சாதி இல்லை என்கிறார்கள். தேர்வு மேசையில்?

"ஃபுட்பால்ல சாதி எங்க இருக்கு? கோல் போட்டா எடுப்பான், போடலைன்னா விட்டுடுவான்." பென்னாகரம் பக்கம் மாணவர்களோடு இடஒதுக்கீடு பற்றிப் பேச உட்காரும்போதெல்லாம் இந்தக் குரல் வந்துவிடுகிறது. பல நேரம் அது நம் காலனிப் பிள்ளைகளின் குரலாகவே இருக்கிறது. 'தகுதி' என்ற சொல்லுக்கு விளையாட்டைப் போல வசதியான உதாரணம் வேறு கிடையாது. ஸ்கோர் போர்டு பொய் சொல்லாது, கடிகாரத்துக்குச் சாதி தெரியாது என்பார்கள்.

சரி, கோல் போட்டால் எடுப்பார்கள். அவன் கோல் போட்டபோது அதை யார் பார்த்துக்கொண்டிருந்தார்? அவரை அந்த மைதானத்துக்கு அனுப்பியது யார்? அவர் திரும்பிப் போய்ச் சொன்னதை யார் காதில் போட்டுக்கொண்டார்? நாம் பேச வேண்டியது இந்த மூன்று கேள்விகளைத்தான்.

ஒரு தொழில்முறை கிளப் என்றால் நம் கண்ணுக்குத் தெரிவது பதினோரு பேரும் பயிற்சியாளரும்தான். அதற்குப் பின்னால் ஒரு அலுவலகம் இருக்கிறது. உரிமையாளர், தலைமை நிர்வாகி, வீரர் தேர்வுக்குப் பொறுப்பானவர் என்று ஒரு வரிசை. அவர்களுக்காக ஊர் ஊராகப் போய் ஆட்டம் பார்ப்பவர்களை ஸ்கவுட் என்கிறோம். ஸ்கவுட் போய்ப் பார்க்கிறார், அறிக்கை எழுதுகிறார்: இந்தப் பையனின் வேகம் இவ்வளவு, இடது கால் எப்படி, அழுத்தத்தில் என்ன செய்கிறான், அடிபட்ட வரலாறு உண்டா. அலுவலகம் அந்த அறிக்கைகளை அடுக்கி ஒரு பட்டியல் போடுகிறது. பயிற்சியாளர் தனக்கு வேண்டியதைச் சொல்கிறார், கணக்குப் பிள்ளை இருக்கிற பணத்தைச் சொல்கிறார். கடைசியில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பெயர்களை அடிக்கிறார்கள், சேர்க்கிறார்கள். கடிகாரம் இதில் ஒரு சின்னச் சாட்சி மட்டும்தான். மற்றதெல்லாம் மனிதர்களின் முடிவு. ஸ்கவுட்டின் பயணப்படி எந்த ஊர் வரைக்கும் என்பதுகூட அந்த அலுவலகத்தின் முடிவுதான்.

தமிழ்நாட்டில் இது எப்படி நடந்தது என்று பாருங்கள். 2014இல் ஐஎஸ்எல் தொடங்கியபோது சென்னையின் எஃப்சியும் பிறந்தது. 2015இலும் 2017-18இலும் கோப்பை வென்றது. தொடக்க ஆண்டுகளில் இந்திய வீரர்களைப் பெரும்பாலும் டிராஃப்ட் முறையில்தான் எடுத்தார்கள். ஒரு பட்டியல் இருக்கும், கிளப்புகள் முறை வைத்து அதிலிருந்து பெயரைச் சொல்லும். பட்டியலில் பெயர் இல்லாதவன் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் அந்த அறையில் அவன் பிறக்கவே இல்லை. பட்டியலுக்குள் வர வேண்டுமென்றால் ஏற்கெனவே ஏதாவது ஒரு பெரிய கிளப்பில் ஆடியிருக்க வேண்டும்.

வியாசர்பாடியிலிருந்து வந்த தனபால் கணேஷ் அப்படி உள்ளே வந்தவர். 2017-18 கோப்பை அணியில் இருந்தார், அரையிறுதியில் கோவாவுக்கு எதிராகக் கோலும் அடித்தார். உழைக்கும் மக்களின் அந்தக் குடியிருப்பை இன்றைக்குப் பத்திரிகைகள் கால்பந்தின் தொட்டில் என்று எழுதுகின்றன. அந்தத் தொட்டிலைக் கட்டியது எந்தக் கிளப்பின் அலுவலகமும் அல்ல. அந்தப் பகுதியின் பழைய ஆட்டக்காரர்கள் மாலை நேரத்தில் பிள்ளைகளைத் திரட்டிப் பந்தைக் கொடுத்தார்கள். கன்னியாகுமரிக் கடற்கரையில் தூத்தூர் வட்டாரத்துக் கதையும் இதேதான். மீனவக் கிராமங்கள் தலைமுறை தலைமுறையாகத் தாங்களே போட்டி நடத்தி, தாங்களே ஆள் எடுத்து வளர்த்த கால்பந்து அது. அங்கே இரவிபுத்தன்துறையிலிருந்து வந்தவர் மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டி கிளப்பில் ஆடினார். 2018இல் அவரை எடுத்துக்கொண்டது ஜாம்ஷெட்பூர். அடுத்த ஆண்டு கொல்கத்தாவின் ஏடிகே எடுத்தது. 2020 மார்ச் 14 அன்று கோவாவில் நடந்த இறுதிப் போட்டியில் ஏடிகே 3-1 என்று ஜெயித்தது. தோற்ற அணி சென்னையின் எஃப்சி.

சென்னை அலுவலகம் அவரைப் பார்க்கவே இல்லை என்று சொல்ல வரவில்லை. பணம், ஒப்பந்தம் என்று ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் கோயம்புத்தூரைத் தன் மைதானமாக வைத்திருந்த அதே சென்னை சிட்டி, நான்கு ஸ்பெயின்காரர்களோடு நம் ஊர்ப் பிள்ளைகளையும் சேர்த்து ஆடி, 2018-19 ஐ-லீக் பட்டத்தை வென்றது. 43 புள்ளி. ஈஸ்ட் பெங்காலை விட ஒரே ஒரு புள்ளி அதிகம். அந்த அணியின் எட்வின் சிட்னி வான்ஸ்பால் பட்டம் வென்ற பிறகு சென்னையின் எஃப்சிக்குப் போனார். பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் காய்த்ததைக் காசு கொடுத்து வாங்குவது சுலபம். விதை எங்கே கிடக்கிறது என்று தேடிப் போவதற்குத்தான் ஆள் வேண்டும், அந்த ஆளை நம்புகிற அலுவலகமும் வேண்டும்.

அப்படி ஒரு ஆளின் கதை அமெரிக்காவில் இருக்கிறது. அவர்கள் ஃபுட்பால் என்பது நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் பிடித்து ஓடுகிற ஆட்டம். அது இங்கே முக்கியமில்லை. பில் நன் என்பவர் பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பர் பத்திரிகையில் விளையாட்டுப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர். வெள்ளைப் பத்திரிகைகள் ஆண்டுதோறும் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்கள் என்று ஒரு பட்டியல் வெளியிடும். கறுப்பர் கல்லூரிகளில் ஆடியவர்களுக்கு அதில் இடம் கிடைப்பது அரிது. நன் 1950 முதல் கறுப்பர் கல்லூரிகளுக்கென்று தனிப் பட்டியல் போட்டார். தெற்கு மாநிலங்களின் ஒவ்வொரு கல்லூரிக்கும் போய், பயிற்சியாளர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசித் திரட்டிய பட்டியல் அது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கியதற்கும், 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தியதற்கும் பின்னால் இருந்த தேவைதான் இதற்குப் பின்னாலும் இருந்தது. ஊர்ப் பத்திரிகை நம்மை எழுதாதபோது நாமே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அந்த ஊரின் தொழில்முறை அணி. பல பத்தாண்டுகளாகத் தோற்றுக்கொண்டே இருந்த அணி. சொந்த ஊரிலேயே இப்படி ஒரு பட்டியல் வெளியாவதை அதன் அலுவலகம் திரும்பிப் பார்த்ததில்லை. நன் இதைக் கசப்போடு கவனித்துக்கொண்டிருந்தார். அது உரிமையாளரின் மகன் டேன் ரூனியின் காதுக்கு எட்டியது. நேரில் பேசி, 1967இல் பகுதிநேர ஸ்கவுட்டாகச் சேர்த்துக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் முழுநேரமானார். 1969இல் அந்த அணி 14 ஆட்டங்களில் 13இல் தோற்றது. அந்த ஆண்டு பத்தாவது சுற்று வரை யாரும் தொடாத எல்.சி. கிரீன்வுட்டை ஒரு கறுப்பர் கல்லூரியிலிருந்து எடுத்தார்கள். 1970இல் மெல் பிளவுண்ட். 1971இல் எட்டாவது சுற்றில் எர்னி ஹோம்ஸ். எல்லாம் நன் கால் பட்ட மைதானங்கள்.

1974 டிராஃப்டைத்தான் மாணவர்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும். அலபாமாவின் ஒரு கறுப்பர் கல்லூரியில் ஜான் ஸ்டால்வொர்த் என்ற பையன். பல அணிகளின் ஸ்கவுட்டுகள் சேர்ந்து போய் அவனை ஓடவிட்டுப் பார்த்தார்கள். மழை பெய்து தரை ஈரம். நேரம் சுமாராக வந்தது. குறித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நன் உடம்பு சரியில்லை என்று சாக்குச் சொல்லி அங்கேயே தங்கி, பிறகு காய்ந்த தரையில் மறுபடி ஓடவிட்டார் என்று சொல்வார்கள். அவன் ஆடிய ஆட்டத்தின் படச்சுருளையும் கையோடு வாங்கி வந்தார். படத்தைப் பார்த்த தலைமைப் பயிற்சியாளர் சக் நோல் இவனை முதல் சுற்றிலேயே எடுத்துவிடலாம் என்றார். தேர்வுக் குழுவினர் தடுத்தார்கள். மற்ற அணிகளுக்கு இவனைத் தெரியாது, பொறுங்கள், நான்காவது சுற்று வரை இருப்பான் என்றார்கள். பயிற்சியாளர் கேட்டுக்கொண்டார். அதனால் முதல் சுற்றில் லின் ஸ்வானும் இரண்டாவது சுற்றில் ஜாக் லாம்பர்ட்டும் கிடைத்தார்கள். நான்காவதில், 82ஆவது ஆளாக, ஸ்டால்வொர்த் இருந்தான். ஐந்தாவதில் மைக் வெப்ஸ்டர். எந்த அணியும் எடுக்காத டானி ஷெல் என்ற இன்னொரு கறுப்பர் கல்லூரி மாணவரையும் பிறகு சேர்த்துக்கொண்டார்கள். இந்த ஐந்து பேரும் பின்னாளில் அந்த ஆட்டத்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்கள். ஆறு ஆண்டுகளில் நான்கு சூப்பர் பவுல். பில் நன்னுக்கு அந்த மண்டபத்தில் இடம் கிடைத்தது 2021இல், அவர் இறந்து ஏழு ஆண்டு கழித்து.

ஈரத் தரையில் எடுத்த நேரமும் அளவைதான். கடிகாரம் பொய் சொல்லவில்லை. ஆனால் தரை ஈரமாக இருந்தது என்று எழுதிவைக்க அங்கே ஒருவரும் நிற்கவில்லை. நம் பிள்ளைகளின் கட்-ஆஃப் மதிப்பெண்ணைக் காட்டி 'தகுதி' பேசுபவர்களிடம் நாம் கேட்க வேண்டியதும் இதுதான்: எந்தத் தரையில் ஓடவிட்டு எடுத்தீர்கள்?

ரூனி குடும்பத்தை மகான்களாக்க வேண்டாம். கறுப்பர் கல்லூரிகளை மற்ற அணிகள் ஒதுக்கிவைத்ததால் அங்கே சரக்கு மலிவாகக் கிடைத்தது. அந்த மலிவில்தான் கோப்பைகள் வந்தன. நன்னுக்குச் சம்பளம் வந்தது, அணியின் சொத்து ரூனி குடும்பத்திடமே இருந்தது. இருந்தாலும் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். பாலூ பல்வங்கரை நம்மில் பலருக்குத் தெரியும். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்த சாமர் குலத்துப் பந்துவீச்சாளர். புனேயில் அவர் பந்து வேண்டும், ஆனால் தேநீர் தனிக் குவளையில். கடைசி வரை அவரைக் கேப்டனாக்கவில்லை. அந்த இடத்துக்கு அவர் தம்பி விட்டல் வந்தது 1923இல். பாலூ தேர்ந்தெடுக்கப்பட்டவர். நன் தேர்ந்தெடுத்தவர்களில் ஒருவர். நம் கோரிக்கைகள் இத்தனை காலமும் முதல் வகையிலேயே நின்றுவிட்டன என்பது எங்கள் கருத்து. அணியில் இடம் கேட்கிறோம், தேர்வுக் குழுவில் யார் என்று கேட்பதில்லை.

அந்த இடத்தைக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதையும் அமெரிக்காவே காட்டியிருக்கிறது. ஆட்டக்காரர்களில் பாதிக்கு மேல் கறுப்பர்கள், தலைமைப் பயிற்சியாளர்களில் விரல்விட்டு எண்ணும் அளவே. அதனால் 2003இல் ஒரு விதி வந்தது. தலைமைப் பயிற்சியாளரை நியமிக்கும் முன் சிறுபான்மையினர் ஒருவரையாவது நேர்காணலுக்கு அழைக்க வேண்டும். டேன் ரூனியின் பெயரிலேயே அது ரூனி விதி. 2009இல் அணியின் ஜெனரல் மேனேஜர் பதவிக்கும் நீட்டித்தார்கள். அழைக்கத்தான் வேண்டும், வேலை கொடுக்க வேண்டியதில்லை. 2022 பிப்ரவரியில் பிரையன் ஃபுளோரஸ் என்ற பயிற்சியாளர் வழக்குப் போட்டார். ஆளை முன்பே முடிவு செய்துவிட்டு, கணக்குக் காட்ட மட்டும் தன்னை உட்காரவைத்தார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. முதுகலையும் முனைவர் பட்டமும் முடித்துவிட்டுப் பேராசிரியர் பணிக்கு நேர்காணல் போன தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'தகுதியானவர் எவருமில்லை' என்று எழுதி ஒதுக்கீட்டு இடத்தைக் காலியாக வைக்கும் கலையில் நம் பல்கலைக்கழகங்கள் கைதேர்ந்தவை.

பென்னாகரத்துக்கு வருவோம். கோட்டூர் மலைக்குத் தேர்தல் வந்தால் கழுதை முதுகில் வாக்கு எந்திரம் ஏறிப்போகும். எந்திரம் ஏறுகிற மலைக்கு ஸ்கவுட் ஏற மாட்டார். இங்கே முதல் ஸ்கவுட் பள்ளிக்கூடத்து பி.இ.டி. சார்தான். குறுவட்டப் போட்டிக்கு யார் பெயரை எழுத வேண்டும், மாவட்டத்துக்கு யாரைக் கூட்டிப்போக வேண்டும், விளையாட்டு விடுதி விண்ணப்பத்தை எந்தப் பையனின் அப்பாவிடம் சொல்ல வேண்டும், எல்லாம் அவர் கையில். பல நடுநிலைப் பள்ளிகளில் அவர் 2012இல் பகுதிநேரமாக நியமிக்கப்பட்டவர். ஆண்டுக்கணக்காகப் பணி நிரந்தரம் கேட்டுப் போராடுகிறவர். வாரத்தில் மூன்று அரை நாள் வருகிறவரிடம் மலைக் கிராமத்துப் பையனைத் தேடிப் போங்கள் என்று எப்படிச் சொல்வது? அவர்களின் போராட்டத்தில் நாம் போய் நிற்காமல் விளையாட்டில் சமூகநீதி பேசுவது வெறும் வாய்ப்பேச்சு.

அதற்கு மேல் ஊர்த் திடல், காலனித் திடல் என்ற பிரிவு. நத்தம் காலனி எரிந்த மாவட்டம் இது. உள்ளூர் கபடிப் போட்டியில் பனியனில் யார் படம் அச்சடிக்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே போதும், யார் ஆடலாம், யார் ஆட முடியாது என்று தெரிந்துவிடும். அந்தத் திடலிலிருந்து எடுக்கிற அணியைத் 'தகுதி' என்று எழுதிவைப்பார்கள். பெண் பிள்ளைகளுக்கு அந்தத் திடலும் கிடையாது. 2018இல் மணிப்பூரை வென்று தமிழ்நாட்டுப் பெண்கள் முதன்முறையாகத் தேசியக் கால்பந்துப் பட்டம் எடுத்தார்கள். கடலூர் இந்துமதி கதிரேசன் அந்த அணியில் ஆடினார். நம் வட்டாரத்தில் ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு எத்தனை பெண்களை மைதானத்தில் பார்க்கிறோம்?

எங்கள் கோரிக்கை மூன்று. மாவட்டத் தேர்வுக் குழுக்களில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். அதில் பட்டியல் சாதி, பழங்குடி உறுப்பினர்களும் பெண்களும் கட்டாயம் வேண்டும், பார்வையாளர்களாக அல்ல, கையெழுத்துப் போடுகிறவர்களாக. தேர்வு நடக்கிற இடம் ஒவ்வொரு முறையும் தருமபுரி மைதானமாக மட்டும் இல்லாமல், ஏரியூருக்கும் பென்னாகரத்துக்கும் வர வேண்டும். அரசு வேலையில் 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. அந்த வேலைக்குப் போகிற சான்றிதழ் இந்தக் குழுக்களின் மேசையிலிருந்துதான் புறப்படுகிறது. ஆகவே இதை வெறும் பொழுதுபோக்கு விஷயமாக நினைத்து விட்டுவிடாதீர்கள்.

கோரிக்கை மனு நகரும் வரை நாம் சும்மா உட்கார வேண்டியதில்லை. நன் பட்டியல் போட்டபோது அவர் எந்த அணியிலும் வேலை பார்க்கவில்லை. வரும் குறுவட்டப் போட்டிகளிலிருந்து நாங்களும் ஒரு பதிவேடு தொடங்குகிறோம். பிள்ளையின் பெயர், பள்ளி, ஊர், ஆட்டம், ஓட்ட நேரம், உயரம், காலில் செருப்பா ஷூவா வெறுங்காலா, முந்தின நாள் எங்கே வேலைக்குப் போய் வந்தது, தரை எப்படி இருந்தது, எல்லாம் எழுதப்படும். பிள்ளைகளின் விவரம் வெளியே போகாது, பெற்றோர் சம்மதித்தால் மட்டும் பயிற்சியாளர்களுக்குக் கொடுப்போம். இங்கிருந்து சென்னையை விடப் பெங்களூர்தான் பக்கம், அங்கே இருக்கிற கிளப்புகளுக்கும் எழுதலாம். சனி, ஞாயிறுகளில் வர முடிகிற கல்லூரி மாணவர்கள் ஆளுக்கொரு ஸ்டாப் வாட்ச் கொண்டு வாருங்கள். போனில் இருக்கிறதே என்பீர்கள், வெயிலில் திரை தெரிவதில்லை.